இறக்கைக்குக் கிட்ட ஒருதரும் இல்லை

பயப்பிடாதேங்கோ பிள்ளை. அங்கை முன்னுக்கு நிக்கிற பிளேனிலை எழும்புறது புகையில்லை, ஆவி. சுடச்சுட அடிக்கிற மருந்து குளிர்ந்த இறக்கையிலை பட்ட உடனை அப்பிடித்தான் எழும்பும். முதல் அடிக்கிறது செம்மஞ்சள், அது இருக்கிற ஐஸை உருக்கி விழுத்திறதுக்கு. பிறகு பச்சையாய், சீனிப்பாணி மாதிரித் தடிப்பாய் ஒண்டு அடிப்பினம், அது புதுசாய்ப் பனி ஒட்டாமல் இருக்கிறதுக்கு. மணல் தாள் மாதிரிக் கொஞ்சம் சொரசொரப்பாய் ஐஸ் இருந்தாலே காணும், பிளேன் ஒழுங்காய் எழும்பாது. அங்கை முன் சீற்றிலை ஒருதர் மணிக்கூட்டைப் பாத்துப் பாத்துப் பெருமூச்சு விடுறார். விடட்டும். உயிரோடை பெருமூச்சு விடுறது நல்லதுதானே.

எனக்கு எப்பிடித் தெரியுமெண்டு கேக்கிறீங்களோ? அந்த ட்றக்கின்ர நீளக் கை தெரியுதெல்லோ, அதின்ர நுனியிலை ஒரு கண்ணாடிக் கூடு. அதுக்குள்ளை ஒரு ஆள் இருக்குது. அந்தக் கூட்டுக்குள்ளைதான் நான் இவ்வளவு காலமும் இருந்தனான். இந்தக் குளிருக்கும் அங்கைதான் இருந்திருக்கவேணும். இப்ப பாருங்கோ, உள்ளுக்கை பெல்ட்டைக் கட்டிக்கொண்டு உங்களுக்குப் பக்கத்திலை இருக்கிறன்.

என்ர பேர் குலசேகரம். அங்கை எல்லாரும் குலா எண்டுதான் கூப்பிடுவினம். நீங்கள் அம்மாவோடை போனிலை கதைச்சதைக் கேட்டனான், அதாலைதான் தமிழிலை கதைக்கிறன். குறை நினைக்காதேங்கோ. நாலு பிளேன் எங்களுக்கு முன்னுக்கு நிக்குது, நேரம் இருக்கு.

நான் சும்மா மருந்தடிக்கிற ஆள் மட்டும் இல்லை. விமானியோடை கதைக்கிறது நான்தான். அதுதான் அங்கை பெரிய வேலை. ஏனெண்டு சொல்லுறன். விமானிக்குத் தன்ர இறக்கை வடிவாய்த் தெரியாது. பின்னுக்கு ஆர் நிக்கினம், எந்த ட்றக் எங்கை நிக்குது, ஒண்டும் தெரியாது. வெளியிலை நிக்கிற நாங்கள்தான் அவருக்குக் கண். பிரேக் போட்டாச்சோ எண்டு நான் கேப்பன். போட்டாச்சு எண்டு அவர் சொல்லுவார். அதுக்குப் பிறகுதான் ட்றக்குகள் கிட்டப் போகும். மருந்தடிச்சு முடிய, ஒவ்வொரு ட்றக்கும் கோட்டுக்குப் பின்னாலை போய், விலத்தியிட்டன் எண்டு எனக்குச் சொல்லவேணும். எல்லாரும் சொன்ன பிறகு நான் விமானிக்கு 'ஓல் கிளியர்' எண்டு சொல்லுவன். இறக்கைக்குக் கிட்ட ஒருதரும் இல்லையெண்டு அதுக்கு அர்த்தம். அவர் அதைத் திருப்பிச் சொல்லவேணும். பிறகுதான் சில்லு உருளலாம். எல்லாருக்கும் ஒரே அலைவரிசைதான். ஒருதர் பட்டனை அமத்திக் கதைச்சுக்கொண்டிருந்தால் மற்றவை கதைக்கேலாது.

நீங்கள் என்னவோ கேக்க வந்தனீங்கள். இருங்கோ, இதைச் சொல்லி முடிக்கிறன்.

என்ர மனுசி தவமலர் போன பிறகு நான் பேஸ்மன்ரிலை தனியத்தான். மேல்வீட்டிலை ஒரு பஞ்சாபிக் குடும்பம். நல்ல சனம். கண்டால் சிரிப்பினம், சிரிச்சுக்கொண்டே கதவைச் சாத்துவினம். மகள் ஆரணி வினிபெக்கிலை. முந்தி ஞாயிறு தோறும் போன் எடுப்பாள், இப்ப பிஸி. வெள்ளிக்கிழமை வேலை முடிஞ்சு வந்தால் திங்கள் வரைக்கும் எனக்கு வாய் திறக்க அலுவல் இல்லை. திங்கள் காலமை கூட்டுக்குள்ளை ஏறி, ஹெட்செட்டைக் கொழுவி, முதல் சொல்லுச் சொல்லேக்கை தொண்டை கரகரக்கும், தகரம் உரஞ்சின மாதிரி. அப்ப அங்காலை இருந்து ஒரு குரல் வரும், "குட் மோர்னிங்" எண்டு. ஆரெண்டு தெரியாது. முகம் தெரியாது. ஆனா எனக்காக வாற குரல். அதைக் கேட்டுப் பாத்தால்தான் தெரியும் பிள்ளை.

அப்ப நான் ரண்டு சொல்லுக் கூடக் கதைப்பன். எங்கை போறியள், அங்கை வெய்யிலோ, இஞ்சை எங்களுக்கு மூக்கு விழுது, அப்பிடி. விமானிகளும் சிரிப்பினம். சில பேர் என்ர குரலை வைச்சே பிடிப்பினம், குலாவோ எண்டு. டெரெக் எண்டு எங்கட மேற்பார்வையாளர் ஒருதர். அவர் என்னைக் கூப்பிட்டு, எழுதிவைச்ச சொல்லை மட்டும் சொல்லு, வேறை கதை வேண்டாம் எண்டார். ஒருக்கா இல்லை, கன தரம் சொன்னவர். டெரெக் காலமை வந்தால் பின்னேரம் வரைக்கும் நாலு சொல்லுப் பேசமாட்டார். அப்பிடியான ஆளுக்குக் கதைக்கிறவனைக் கண்டால் பிடிக்காது. நான் ஓமோம் எண்டு சொல்லிப்போட்டு என்ர பாட்டிலை இருந்தன். மரியாதையாய் நாலு வார்த்தை கேக்கிறதிலை என்ன பிழை?

மற்ற ட்றக்கிலை மரிசெல் எண்டு ஒரு பிலிப்பினோப் பிள்ளை. சாப்பாட்டு மேசையிலை நாங்கள் ரண்டுபேரும் ஒண்டாய்த்தான் இருப்பம். நான் மீன் குழம்பு கொண்டுபோனால் அவ வாங்கித் தன்ர சோத்திலை விட்டுச் சாப்பிடுவா. உறைப்பிலை கண்ணாலை தண்ணி ஓடும், எண்டாலும் விடமாட்டா. நல்ல பிள்ளை, பொறுமையாய்க் கேப்பா. தவமலரின்ர வருத்தம், ஆரணியின்ர கலியாணக் குழப்பம், ஊரிலை எங்கட காணிப் பிரச்சினை, எல்லாம் அவவுக்குத் தெரியும். அவவுக்கு ரண்டு பிள்ளையள். மூண்டோ தெரியாது. தாய் அங்கை எங்கையோ ஒரு தீவிலை இருக்கிறா.

போன மாசி மாசம் நடந்தது. மத்தியானம். அண்டைக்குப் பனி விழேல்லை, பறந்தது. நிலத்திலை கிடந்ததைக் காத்து அள்ளி அள்ளி எறியுது. கூட்டுக்குள்ளை இருந்து பாத்தால் பிளேனின்ர வால் ஒருக்காத் தெரியும், ஒருக்காத் தெரியாது. அந்தப் பிளேன் பார்படோசுக்கு, வெய்யில் தீவுக்குப் போறது. நான் வலப்பக்க இறக்கை, மரிசெல் இடப்பக்கம். நடுவிலை பிளேன் நிக்குது, எனக்கு அவவைத் தெரியாது.

மருந்தடிச்சு முடிஞ்சுது. நான் என்ர ட்றக்கைப் பின்னுக்கு எடுப்பிச்சன். மரிசெல் இன்னும் ஒண்டும் சொல்லேல்லை. அப்ப நான் விமானியிட்டைச் சொன்னன், கொஞ்சம் பொறுங்கோ எண்டு. முறைப்படி சொன்னன். அதை ஆரும் இல்லையெண்டு சொல்லேலாது. சும்மா பொறுத்துக்கொண்டிருக்கிற நேரம் தானே, விமானியும் நல்ல மனுசன், சிரிச்சுச் சிரிச்சுக் கதைக்கிறார். நான் சொன்னன், நீங்கள் குடுத்துவைச்சவர் சேர், இஞ்சை நாங்கள் பனிக்குள்ளை கிடந்து சாகிறம், நீங்கள் போய் இறங்கிற இடத்திலை வானம் ஓல் கிளியர், கடல் ஓல் கிளியர், எங்களையும் நினைச்சுக்கொள்ளுங்கோ எண்டு. அவர், "ஓல் கிளியர், தாங்க் யூ" எண்டார். நான் என்ன நினைப்பன்? வானத்தைப் பற்றிச் சொல்லுறார் எண்டுதானே நினைப்பன்.

பிறகு எஞ்சின் சத்தம் கூடிச்சுது.

அந்தச் சத்தம் எனக்கு நித்திரையிலையும் தெரியும். சும்மா நிக்கிற சத்தம் வேறை, இழுக்கிற சத்தம் வேறை. முன்சில்லைப் பாத்தன். சில்லுக்கு முன்னாலை கிடந்த பச்சை மருந்து நசிஞ்சு ரண்டு பக்கமும் ஒதுங்குது. பிளேன் உருளுது. நான் கத்தினன். ஸ்ரொப், ஸ்ரொப், ஸ்ரொப் எண்டு, தொண்டை கிழியக் கத்தினன். அவர் பிரேக்கை அமத்தினார். பிளேன் முன்னுக்குக் குனிஞ்சு எழும்பி நிண்டுது.

 ஹெட்செட்டிலை காத்துச் சத்தம் மட்டும். நான் மரிசெல், மரிசெல் எண்டு கூப்பிடுறன், பதில் இல்லை.

நான் இறங்கி ஓடினன். ஓடக்கூடாது, அது ரூல், எண்டாலும் ஓடினன். பிளேனின்ர மூக்குப் பக்கத்தாலை சுத்திப் போய்ப் பாத்தால், அவவின்ர ட்றக்கின்ர கை மடங்காமல் அப்பிடியே நீட்டிக்கொண்டு நிக்குது. இறக்கையின்ர நுனி வந்து கூட்டின்ர மூலையிலை இடிச்சிருக்கு. கண்ணாடி முழுக்கச் சிலந்தி வலை மாதிரி வெடிச்சு, உள்ளுக்கை இருக்கிற ஆள் தெரியேல்லை. இன்னும் ஒரு முழம் உருண்டிருந்தால் நான் இந்தக் கதையை உங்களுக்குச் சொல்லமாட்டன் பிள்ளை.

கீழை இறக்கேக்கை அவ ஒரு கையாலை மற்றக் கையைப் பிடிச்சுக்கொண்டிருந்தா. தோளிலை அடி, எலும்பு முறியேல்லை. நான் கிட்டப் போய், ஒண்டுமில்லை ஒண்டுமில்லை, நான் நிப்பாட்டிப்போட்டன், இனிப் பயமில்லை எண்டு சொல்லுறன். அவ என்னைப் பாக்கவே இல்லை. அதிர்ச்சி. அந்த நேரத்திலை ஆக்களை அடையாளம் தெரியாது எண்டு சொல்லுவினம்.

பிறகு விசாரணை. ஒரு அறையிலை இருத்திப்போட்டு அண்டைக்குக் கதைச்சதைத் திருப்பிப் போட்டுக் காட்டினவை. நான் முதல் முறையாய் என்ர குரலை வெளியிலை இருந்து கேக்கிறன். முழுக்க முழுக்க நான்தான் கதைக்கிறன். நல்ல தெளிவான குரல், அதைச் சொல்லவேணும். இடையிலை மூண்டு நாலு தரம் கீச் எண்டு ஒரு சத்தம். அதென்னவெண்டு கேட்டன். விசாரிச்ச பொம்பிளை அதிகாரி சொன்னா, அது மரிசெல் பட்டனை அமத்தினது எண்டு. ட்றக்கின்ர கை மடங்கேல்லை, நான் இன்னும் இறக்கைக்குக் கிட்ட நிக்கிறன் எண்டு சொல்ல அமத்தியிருக்கிறா. என்ர குரல் லைனைப் பிடிச்சுக்கொண்டு நிண்டபடியால் அவவின்ர குரல் போகேல்லை.

எனக்கு அந்தக் கீச் அண்டைக்கும் கேட்டதுதான். குளிருக்கு லைன் இரையுது எண்டு நினைச்சன்.

சரி, இயந்திரம் பழுதாய்ப் போச்சு, அதுக்கு நான் என்ன செய்யிறது? விமானி ஒரு சொல்லைப் பிடிச்சுக்கொண்டு போயிட்டார், அதுக்கு நான் என்ன செய்யிறது? கடைசியிலை கத்தி நிப்பாட்டினது ஆர்? அதை ஒருதரும் பெரிசாய் எடுக்கேல்லை. அறிக்கையிலை எங்கையோ ஒரு மூலையிலை எழுதியிருக்காம். என்னை ஹெட்செட்டிலை இருந்து எடுத்து, மருந்துத் தாங்கி ஓடுற வேலைக்கு விட்டிச்சினம். தாங்கியை நிரப்பு, கொண்டுபோ, திரும்பி வா. அந்த வண்டிக்குள்ளை ஒருதரோடையும் கதைக்கத் தேவையில்லை. கண்ணாடியைத் துடைக்கிற தடி மட்டும் அங்கையும் இஞ்சையும் ஆடும்.

மரிசெல் தோள் சுகமாகித் திரும்பி வந்தா. வந்தவ வேறை மேசையிலை போய் இருந்தா. நான் நினைச்சன், புதுசாய் வந்த பிலிப்பினோப் பெட்டையள் கூப்பிட்டிருப்பினம் எண்டு. ஒரு நாள் நான் மீன் குழம்பும் கொண்டு அந்த மேசைக்கே போனன். போய் இருந்து, அண்டைக்கு நான் எப்பிடிக் கத்தினனான் எண்டு அந்தப் பெட்டையளுக்கும் சொல்லத் துவங்கினன். மரிசெல் கையை மேசையிலை வைச்சா. மெல்லமாய்த்தான் வைச்சா. "குலா, நான் உள்ளுக்கை இருந்து நாலு தரம் கூப்பிட்டனான். நீ வெய்யிலைப் பற்றிக் கதைச்சுக்கொண்டிருந்தாய்."

அவ்வளவுதான். பிறகு சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டு எழும்பிப் போயிட்டா. மற்றப் பெட்டையள் குனிஞ்சு சாப்பிட்டினம். நான் குழம்பைத் திருப்பி வீட்டை கொண்டுவந்து ஊத்தினன்.

பயந்த ஆள், ஆரிலையாவது கோவிக்கவேணும். கிட்ட இருக்கிறவனிலைதானே கோவிக்கலாம். நான் அதைப் பெரிசாய் எடுக்கேல்லை. ஆனா வேலையை விட்டிட்டன். முழங்காலும் சரியில்லை, பென்சனுக்கும் வயசு வந்திட்டுது.

இல்லை, நான் அழேல்லை. உள்ளுக்கை காத்து வரட்சியாய் இருக்கு.

ஆரணியும் அப்பிடித்தான் ஒருக்கா ஒண்டு சொன்னவள். தாய்க்குப் புற்றுநோய். கடைசிக் கிழமை ஆசுப்பத்திரியிலை நானும் மகளும்தான் மாறி மாறி. தவமலர் என்னவோ சொல்ல வெளிக்கிடுவா. நான் உடனை, ஒண்டும் யோசியாதை, எல்லாம் சுகமாயிடும், கோடைக்கு ஊருக்குப் போவம், நல்லூர்த் தேருக்கு நிப்பம் எண்டு சொல்லுவன். நோயாளிக்கு முன்னாலை வாயைப் பொத்திக்கொண்டு இருக்கேலுமோ? தைரியம் குடுக்கவேணுமெல்லோ. செத்தவீடு முடிஞ்சு எல்லாரும் போன பிறகு மகள் கேக்கிறாள், "அப்பா, அம்மாவை ஒரு வசனம் முழுசாய்ச் சொல்ல விட்டனீங்களோ?" எண்டு. தாயை இழந்த துக்கத்திலை என்னத்தையும் சொல்லுவினம். நான் பதிலுக்கு நல்லாய் விளங்கப்படுத்தினன். கனநேரம் விளங்கப்படுத்தினன். அதுக்குப் பிறகுதான் ஞாயிறுகளிலை அவளுக்கு வேலை கூடினது.

இப்ப அவளிட்டைத்தான் போறன். இனி வேலையும் இல்லை, அங்கை வந்து கொஞ்ச நாள் நிக்கட்டோ எண்டு கேட்டன். பாப்பம் அப்பா எண்டாள். பாப்பம் எண்டால் ஓமெண்டுதானே. உடனை ரிக்கற் போட்டிட்டன். கதவைத் தட்டி நிண்டால் சந்தோசப்படுவாள்.

என்ன கேட்டனீங்கள்?

நான் வாறது அவளுக்குத் தெரியுமோ எண்டோ? இல்லை, சொல்லேல்லை. சனிக்கிழமை எங்கை போகப்போறாள், வீட்டிலைதான் நிப்பாள்.

நீங்கள் அப்பிடி நினைக்கிறீங்களோ? இப்பவோ? கதவு சாத்தியாச்சு, எண்டாலும் போன் இன்னும் வேலை செய்யும். எங்கட முறை வர இன்னும் ஒரு பிளேன் நிக்குது. என்னத்துக்கு அவளைக் குழப்புவான்... சரி. சரி பிள்ளை, நீங்கள் சொல்லுறீங்கள். எடுக்கிறன்.

மணி அடிக்குது.

ஆரணி, அப்பா கதைக்கிறன். இல்லை, ஒண்டுமில்லை, சுகமாய் இருக்கிறன். நான் பிளேனுக்குள்ளை இருக்கிறன். உன்னட்டைத்தான். ஓம், இண்டைக்கு. நீ பாப்பம் எண்டு சொன்னனியெல்லோ, அதாலை நான்... ஹலோ? ஹலோ, லைன் போட்டுதோ?

ஓம் ஆரணி, லைனிலைதான் நிக்கிறன்.

ஓம்.

ஓம்.

வைச்சிட்டாள். லைன் அறுந்துபோகேல்லை. பிறகு கேட்டாள், ஆரைக் கேட்டு வாறியள் எண்டு. கோவமாய் இல்லை. களைச்ச குரல். தாய் வேலையாலை வந்து இருந்து கதைக்கிற மாதிரியே இருந்தது. பிறகு சொன்னாள், "எயர்போட்டுக்கு நான் வாறன். ஆனா காருக்குள்ளை நான்தான் கதைக்கப்போறன். நீங்கள் ஒண்டும் விளங்கப்படுத்தக்கூடாது. முழுக்கக் கேட்டுக்கொண்டு வரவேணும். உங்களாலை ஏலுமோ அப்பா?" எண்டு.

நான் ஓமெண்டன். அவ்வளவுதான் சொன்னன், நீங்களும் கேட்டனீங்கள்தானே. வேறை சொல்லு நாக்கு நுனிக்கு வந்தது, விழுங்கிப்போட்டன்.

என்னத்தைச் சொல்லப்போறாள்? இவ்வளவு நாளும் வைச்சிருந்து சொல்லுறதெண்டால் சின்ன விசயமாய் இருக்காது.  அந்தக் கூட்டுக்குள்ளை காத்து ஆட்டேக்கையும் எனக்கு இப்பிடிப் பயம் வந்ததில்லை.

இந்தா, கதைச்சுக்கொண்டிருக்க எங்கட முறையும் வந்து, எங்களுக்கும் அடிச்சு முடிஞ்சுது. ட்றக் பின்னுக்குப் போகுது. உருளப்போறம்.

பிள்ளை, உங்களுக்கும் என்ர மகளின்ர வயசுதான் இருக்கும். நான் வந்து இருந்த நேரம் துவக்கம் நீங்கள் ரண்டு மூண்டு தரம் வாய் திறந்தனீங்கள். நான்தான் கதைச்சுக்கொண்டு வாறன். உங்கட பேர்கூடக் கேக்கேல்லை. நீங்கள் இறங்கி எங்கை போறீங்கள்? ஆரைப் பாக்கப் போறீங்கள்?

சொல்லுங்கோ. வினிபெக் போய்ச் சேரும் வரைக்கும் நேரம் கிடக்கு. நான் குறுக்கை கதைக்கமாட்டன்.